இரட்டை வேகத்தில் சுற்றிய சக்கரம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நான் ஆரம்பித்தால் இரண்டு வார்த்தையில் நிற்க மாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் கடைசி நேரத்தில், எழுதிக் கொடுத்தால் போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். எனக்கும் நல்லதாகப் போயிற்று. நீங்கள் கொட்டாவி விடுவது என் கண்ணில் படாது.

நம் வேலையை ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்தப் பாட்டை நான் பட்டு முடித்துவிட்டேன், இனி உங்கள் முறை. "நாள் பூரா ஃபேன் அடியில ஒக்காந்து வீடியோ பாக்கறதுக்கு சம்பளமா?" என்று என் நாத்தனார் கேட்காத தீபாவளி இல்லை. ஆமாம், வீடியோ பார்க்கிறோம். எவரோ எங்கோ எடுத்த வீடியோ, செயலியின் சிறுவர் பகுதிக்குப் போகலாமா, கூடாதா என்று பார்த்துக் குறி போடுகிறோம். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்துகொண்டிருந்தேன். அங்கே பெண்ணின் பெயரில் ஓர் எழுத்து தப்பானால் அன்று மாலையே கடைக்கு வந்து சத்தம் போடுவார்கள். இங்கே நாம் செய்யும் தப்பு யார் வீட்டில் போய் விழுகிறது என்று நமக்குத் தெரிவதே இல்லை. ஒரே ஒரு தடவை எனக்குத் தெரிந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் நாங்கள் எப்படி வேலை செய்தோம் என்று சொல்ல வேண்டும். கையில் ஒரு விதித்தாள் இருக்கும். கெட்ட வார்த்தை, ரத்தம், குடி, சிகரெட், ஆபாசம், சூதாட்டம் என்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் எதைப் பார்த்தால் நிறுத்த வேண்டும் என்று விளக்கம். விதித்தாளை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொள்ளும் ஆட்களும் எங்களிடம் இருந்தார்கள். ஒருவர் கோழிக்குழம்பு வைக்கும் வீடியோவை 'ரத்தம்' என்று நிறுத்திவிட்டு, மத்தியானம் அதே கோழிக்குழம்பை டிபன் பாக்ஸிலிருந்து ரசித்துச் சாப்பிட்டார். சூதாட்டம் என்ற தலைப்பின் கீழே சீட்டுக்கட்டு, தாயக்கட்டை, பணம் கட்டுவது என்று போட்டிருந்தது. அவ்வளவுதான்.

அடுத்தது வேகம். ஒரு நாளைக்கு இவ்வளவு பார்த்தாக வேண்டும் என்று கணக்கு உண்டு. அதனால் எல்லோரும் இரட்டை வேகத்தில் வைத்துத்தான் பார்ப்போம். சத்தத்தை அணைத்துவிடுவோம். பேசுவது கீழே எழுத்தாக ஓடும், கெட்ட வார்த்தை இருந்தால் அதில் தெரிந்துவிடும். இதை யாரும் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. சேர்ந்த முதல் நாளே இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வேகமாகப் பார்க்கிறவர்களுக்கு நல்ல பெயரும் இருந்தது. எங்களில் எல்லோரையும்விட நல்ல பெயர் அமுதாவுக்கு.

அமுதா தொண்டூர்க்காரி. நிலத்தில் கூலிக்குப் போன குடும்பத்திலிருந்து வந்து, அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, இந்த நாற்காலிக்கு வந்தவள். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். கயல் என்று ஒரே பெண், ஐந்தாம் வகுப்பு. தற்காலிகமாக வேலை பார்த்துவந்த அமுதாவை நிரந்தரமாக்கும் பேச்சு அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. அந்த வேலை அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஜன்னல் வழியாகத் தெரியும் செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலையைப் பார்த்து, "ஆர்டர் வந்தா மல மேல ஏறி எல்லாருக்கும் கேக்கற மாதிரி கத்தப் போறேன்க்கா" என்பாள். கத்துவதற்கு முன்னால் குரங்கு வந்து ஆர்டரைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

அந்தச் சமயத்தில் ஒரு வீடியோ வரிசை எங்களிடம் வந்துகொண்டிருந்தது. பெயர் வேண்டாம். சைக்கிள் ரிம்மில் செய்த ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் ஊர் ஊராகப் போவான். வழியில் போகிறவர்களைப் பந்தயத்துக்கு இழுப்பான். சக்கரம் பச்சையில் நின்றால் அவர்களுக்குப் புது போன். சிவப்பில் நின்றால் அவர்கள் வைத்த பொருள் போயிற்று, இல்லாவிட்டால் அவன் சொல்வதைச் செய்ய வேண்டும். ஒருவர் பாதி மீசையை எடுத்துக்கொண்டார். இன்னொருவர் பைக் சாவியைக் கிணற்றில் போட்டார். ஒருவர் ஒரு கூடை பச்சைமிளகாயை முன்னால் வைத்துக்கொண்டு தின்றார். பையன் எல்லோரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிட்டான். கெட்ட வார்த்தை இல்லை, ரத்தம் இல்லை, சீட்டுக்கட்டு இல்லை, ஒரு ரூபாய் நோட்டுகூடக் கண்ணில் படவில்லை. தோற்றவர்களும் சிரித்தார்கள். அமுதா எல்லாவற்றையும் சிறுவர் பகுதிக்கு அனுப்பிவிட்டாள். யாரிடம் வந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

இதில் நம்மைப் போன்றவர்களால் மட்டுமே செய்ய முடிகிற ஒரு காரியத்தையும் அவள் செய்தாள். நாள் முழுவதும் திரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் போனைத் தொடவே பிடிக்காது. அதனால் போன் கயலிடம் போய்விடும். மற்ற அம்மாக்களாவது பிள்ளை என்ன பார்க்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். அமுதா பார்க்க மாட்டாள். "சிறுவர் பகுதியில இருக்கறது பூரா நானே பாத்து பாஸ் போட்டதுதானே, பயமில்ல" என்று எங்களிடமே சொல்லியிருக்கிறாள்.

ஒரு திங்கட்கிழமை முகம் வாடி வந்தாள்.

"கயலு கண்ணாடிய தொலைச்சிட்டு வந்து நிக்கிறாக்கா. அது இல்லாம அவளுக்கு போர்டே தெரியாது. கேட்டா, தொலையலம்மா, வந்துடும்ங்கிறா. ரெண்டு அடி போட்டும் அதையேதான் சொல்றா."

தொலைந்த பொருளை 'வந்துடும்' என்று எந்தப் பிள்ளை சொல்லும்? தொலைந்தது என்று அழும், இல்லாவிட்டால் யார் மீதாவது பழி போடும். அடி வாங்கிக்கொண்டு, வந்துவிடும் என்று நிதானமாகச் சொல்கிற பிள்ளையை எனக்குப் பார்க்க வேண்டும்போல இருந்தது. மறுநாள் சாயந்தரம் அமுதாவோடு தொண்டூர் பஸ்ஸில் நானும் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வருகிறேன் என்றதும், சமையலுக்கு ஒன்றும் இல்லையே என்றுதான் அவள் கவலைப்பட்டாள்.

கயல் டிவிக்கு மூக்கு படும்படி நின்று ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். காலாண்டு விடுமுறை. என்னைக் கண்டதும் திட்டத்தான் ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

"நா திட்ட வரல கயலு. கண்ணாடி எப்படி வரும்னு சொன்னியாமே, அத கேட்டுனு போலாம்னு வந்தேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கையில் ஒரு பாத்திர மூடியோடு வந்தாள். மூடியின் ஓரத்தில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் பொட்டு. தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, தோசையைப் பிய்த்த மாதிரி கோடு கோடாகப் பிரித்தாள். பாதிக் கட்டங்களில் டிக், பாதியில் பெருக்கல் குறி. மூடியைச் செங்குத்தாக நிறுத்திச் சுற்றிவிட வேண்டும். விழுந்து அடங்கும்போது பொட்டு எந்தக் கட்டத்துக்கு நேராக இருக்கிறதோ அதுதான் முடிவு.

"பெரிம்மா, நீ இன்னா வெக்கிற?"

பேனாவை வைத்தேன். கயல் மூடியைச் சுற்றினாள். முதலில் பம்பரம்போல நின்று சுற்றியது. பிறகு சாய்ந்து, தரையில் தட்டித் தட்டி, கடகடவென்று சத்தம் போட்டபடி அடங்கப் பார்த்தது. அடங்கவில்லை. பொட்டு டிக்கைத் தாண்டி, பெருக்கலைத் தாண்டி, மறுபடியும் டிக்கிடம் வந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, வைத்தது ஒரு சாதாரணப் பேனா, ஆனால் மூடி அடங்கும்வரை நான் மூச்சை விடவில்லை. பொட்டு கோட்டை ஒரு விரல் தாண்டிப் பெருக்கலில் விழுந்தது.

"கொஞ்சத்துல போச்சு பெரிம்மா! இன்னொரு வாட்டி போடு, வந்துடும்" என்றாள் கயல்.

என் கை கைப்பையைத் திறந்து, அடுத்து எதை வைக்கலாம் என்று தேடியது. அப்போதுதான் அமுதா என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பதைக் கவனித்தேன்.

"கண்ணாடியும் இப்படித்தான் போச்சா?" என்று கேட்டேன்.

"ஆமா. அதுவும் கொஞ்சத்துலதான். கோட்டு மேலயே நின்னுச்சு. எங்கூட படிக்கிற சுபாகிட்ட இருக்குது. லீவுக்கு அவலூர்பேட்டைக்கு மாமா வீட்டுக்கு போயிருக்கா. வந்ததும் எடுத்துடுவேன்."

"எப்படி எடுப்ப?"

"அம்மா சனிக்கிழம புதுக் கண்ணாடி வாங்கித் தரேன்னு சொல்லிச்சே? அத வெச்சி ஆடுவேன்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் குறும்பு இல்லை, பயம் இல்லை. நாளைக்கு விடுமுறை என்று சொல்வதுபோலச் சொன்னாள். அமுதா அடிக்கக் கையை ஓங்கினாள். பாதியிலேயே கை நின்றுவிட்டது.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டதும் போனை எடுத்து வந்தாள். அதே பையன், அதே சைக்கிள் ரிம். மூன்று பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சத்தத்தோடு, சாதாரண வேகத்தில் பார்த்தோம். பையன் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னணியில் உடுக்கைபோல ஏதோ அடிக்க ஆரம்பித்தது. பையனின் கண், பந்தயம் கட்டியவரின் உதடு, சக்கரம், மறுபடியும் கண் என்று மாறி மாறிக் காட்டினார்கள். சக்கரம் தளர்ந்தது. பச்சைக்கு வந்தது. நின்றேவிட்டது என்று நினைத்தபோது 'டக்' என்று ஒரு கட்டம் தாண்டிச் சிவப்புக்குப் போனது.

"இன்னாக்கா இது, நா பாத்த வீடியோவே இல்லியே" என்றாள் அமுதா.

அவள் சொன்னது உண்மைதான். இரட்டை வேகத்தில் சத்தமில்லாமல் பார்த்தபோது சக்கரம் சுற்றும், நிற்கும், ஒருவர் மீசையை எடுப்பார். சக்கரம் தளர்வதற்கும் நிற்பதற்கும் நடுவில் இவ்வளவு பெரிய இடம் இருப்பதே எங்களுக்குத் தெரியவில்லை. வேலையை முடிக்க அந்த இடத்தைத்தான் நாங்கள் ஓட்டிவிட்டோம். பிள்ளைகள் பார்த்தது அந்த இடத்தை மட்டும்தான். மிளகாயும் மீசையும் அவர்களுக்குச் சும்மா சிரிப்பு.

கயல் அந்த வீடியோவைப் பல தடவை பார்த்தவள். சிவப்பில்தான் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சக்கரம் பச்சைக்கு வந்தபோது வாயைக் கையால் மூடிக்கொண்டாள். முடிவு தெரிந்த பிறகும் இந்தக் குழந்தை எதற்காகக் காத்திருக்கிறது? ரொம்ப நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்து இன்னும் சில போட்டுப் பார்த்தோம். பெரும்பாலும் பச்சையைத் தொட்டுவிட்டுத்தான் சக்கரம் சிவப்புக்குப் போனது. தற்செயலாக அப்படி நடக்குமா? அப்படி நடந்ததை மட்டும் பொறுக்கி ஒட்டியிருக்கலாம். பிள்ளை அதை எப்படிக் கண்டுபிடிக்கும்? அது கற்றுக்கொண்டது ஒன்றுதான்: யாரும் தோற்பதில்லை, எல்லோருக்கும் கொஞ்சத்தில் போகிறது.

பந்தயம் கட்டுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. பந்தயம் கட்டாத பிள்ளை உண்டா? மழை வரும், வராது என்று கட்டும். மேல்மலையனூர் திருவிழாவில் வளையம் எறியும் கடையில் நானே சோப்பு டப்பாவுக்காக எறிந்திருக்கிறேன். ஆனால் வளையம் கண் மூடித் திறப்பதற்குள் விழுந்துவிடும். அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். கடைக்காரர் இரண்டு நாளில் துணியைச் சுருட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போவார். சைக்கிள் ரிம்காரனைச் சுருட்ட ஆள் இல்லை, அவன் தலையணைப் பக்கத்திலேயே இருக்கிறான். எல்லை எங்கே என்று கேட்டால் எனக்கு இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியாது. நீங்கள் கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

மறுநாள் சென்னையில் இருந்த எங்கள் மேலாளருக்குப் போன் போட்டேன். கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், விதித்தாள்ல இருக்கறது சீட்டு, தாயம், பணம். இதுல மூணுமே இல்ல. ஒரு பொண்ணு கண்ணாடிய விட்டுட்டு வந்தா அது வீட்டு விஷயம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போட்ட குறிய மாத்தணும்னா, போட்டவங்கதான் அவங்க பேர்ல தப்புன்னு எழுதி அனுப்பணும். அத்தனையும் அமுதா பாஸ் பண்ணது. இந்த நேரத்துல இத்தன தப்புன்னு போனா அவங்க கதி என்னன்னு உங்களுக்கே தெரியும். நான் தடுக்க மாட்டேன், அனுப்புங்கன்னும் சொல்ல மாட்டேன்."

அமுதாவிடம் அப்படியே சொன்னேன். அவள் ரொம்ப நேரம் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க்கா. கண்ணாடி வந்தா போதும். இனிமே போன அவ கையில தர மாட்டேன். மத்தவங்க புள்ளைங்கள அவங்கவங்க பாத்துக்கட்டும்."

நான் வற்புறுத்தவில்லை. ஓய்வு பெற இருந்த எனக்கு நியாயம் பேசுவது சுலபம். ஆர்டருக்காகக் காத்திருப்பவளிடம் போய் அதைப் பேச வாய் வரவில்லை. ஆனால் மனது அடித்துக்கொண்டது என்பதையும் மறைக்க மாட்டேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எத்தனை வீட்டில் எத்தனை மூடி சுற்றிக்கொண்டிருந்ததோ.

சனிக்கிழமை மூவரும் அவலூர்பேட்டைக்குப் போனோம். சுபாவின் மாமா வீட்டு வாசலில் மணிலாக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் சுபாவின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்ய, யாருதோ கண்ணாடி பைக்குள்ள கெடக்குதேன்னு நானே நெனச்சேன். இந்தாம்மா, எடுத்துனு போங்க. இன்னா புள்ளைங்களோ!"

கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அமுதாவுக்குப் போன உயிர் வந்தது. முந்தானையால் துடைத்துக் கயலின் முகத்தில் மாட்டிவிடப் போனாள். கயல் இரண்டு அடி பின்னால் போய்விட்டாள்.

"ஏம்மா வாங்கின? நா ஜெயிச்சி எடுத்திருப்பேன் இல்ல?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சமாதானம் சொல்லி பஸ்ஸில் ஏற்றினோம். செஞ்சி வரும்வரை கண்ணாடியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத கண்ணால் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

"போட்டுக்கோடி. தலைவலி வரும்" என்றாள் அமுதா.

"வேணாம். இது என்னுது இல்ல. சுபாவுது."

அமுதா என்னைப் பார்த்தாள். கண்ணாடி கிடைத்துவிட்டது. பிள்ளை கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை நான் போனபோது அமுதா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போன். திரையில் அந்தச் சக்கரம், சாதாரண வேகத்தில். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. தான் பாஸ் போட்ட ஒவ்வொன்றையும் மறுபடியும் திறந்து, 'சிறுவருக்கு ஏற்றதல்ல, என் குறி தவறு' என்று தன் பெயரில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தாள். காரணம் என்ற இடத்தில், சக்கரம் நிற்பதற்கு முன்னால் பிள்ளைகளை எப்படிக் காக்க வைக்கிறார்கள் என்று எழுதினாள். வாசித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் நான் மாற்றவில்லை.

மூன்று மணி வாக்கில் சென்னையிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. நிரந்தரப் பேச்சு இப்போதைக்கு இல்லை, மறு தகவல் வரும்வரை நாளையிலிருந்து அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்றார்கள். பின்னால் அந்த வரிசையைச் சிறுவர் பகுதியிலிருந்து எடுத்தார்கள். அமுதாவையும் திரும்ப அழைத்தார்கள். சுற்றுவது, குலுக்குவது, திறந்து பார்ப்பது எதுவானாலும் சத்தத்தோடு சாதாரண வேகத்தில் பார்க்க வேண்டும் என்று உங்கள் விதித்தாளில் இன்று ஒரு வரி இருக்கிறது, அதுவும் அவள் எழுதிய காரணத்திலிருந்து வந்ததுதான். இதையெல்லாம் இப்போதே சொல்லிவிட்டேன் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அன்றைக்கு இதில் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. அவள் வேலை போய்விட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்தாள். கூடவே படி இறங்கி பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். எனக்குத்தான் அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை.

"கயலு கேட்டா இன்னா சொல்லப் போற?" என்றேன்.

"வேல போச்சுன்னுதான் சொல்லப் போறேன். கொஞ்சத்துல போச்சுன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். தொண்டூர் பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள். "இன்னிக்கு எல்லாத்தையும் மெதுவா பாத்தேன்க்கா. தோத்தவன் சிரிச்சினே கையாட்டுவான், அதோட முடிச்சிடுறாங்க. அவன் வீட்டுக்குப் போறத ஒண்ணுல கூட காட்டல. நா தோத்துட்டு வீட்டுக்குப் போறேன். கயலு பாக்கட்டும்."